"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே வரும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பைச் சேர்ந்தவை. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் (1995) சொற்கள் மாறும். சங்கீதம் அங்கே திருப்பாடல், ஜெபம் அங்கே இறைவேண்டல். அதிகார எண்ணும் வசன எண்ணும் பெரும்பாலும் அதேதான், எடுத்துப் பார்க்கச் சிரமம் இருக்காது.

"ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று எல்லாரும் சொல்கிறோம். எதைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார்?

பலருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக வைத்துக்கொள்கிறோம், அது நடக்காதபோது அவர் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறோம்.

அவர் சொல்லியிருப்பது இவ்வளவு: விட்டு விலக மாட்டார் (எபிரெயர் 13:5). அவருடைய ராஜ்யத்தைத் தேடுகிறவர்களுக்கு உணவும் உடையும் சேரும் (மத்தேயு 6:33). ஞானம் கேட்டால் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் (யாக்கோபு 1:5). எல்லாவற்றையும் நன்மைக்கு ஏதுவாக்குவார் (ரோமர் 8:28). அந்த "நன்மை" எது என்று அடுத்த வசனமே சொல்கிறது: நாம் அவருடைய குமாரனின் சாயலுக்கு ஒப்பாவது. பிளஸ் டூவில் மாவட்டத்தில் முதலிடம், பெங்களூரா மாங்காய்க்கு நல்ல விலை, வெளிநாட்டு விசா எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைக் கேட்கலாம். வாக்குத்தத்தம் என்று பிடித்துக்கொள்ளத்தான் கூடாது.

1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில் மார்ட்டின் லூத்தர், இயேசு கற்பித்த ஜெபத்தில் வரும் "அன்றன்றுள்ள அப்பம்" என்பதை விரித்து எழுதினார். சோறு, துணி, வீடு, நிலம், மாடு, பணம், நல்ல துணை, நல்ல அரசு, நல்ல மழை வெயில், நல்ல அண்டை வீட்டார் என்று அது நீளும். தேவ பராமரிப்பு வானத்திலிருந்து நேராகக் கையில் விழுவதில்லை. பால் கறக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், ரேஷன் கடையில் நிற்கிறவர் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. அப்படி வருவதைக் கவனிக்கப் பழகாதவர் "ஆண்டவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிடுவார்.

எரேமியா 29:11 காலண்டரில் இருக்கிறது. அது எனக்கான வாக்குத்தத்தம் இல்லையா?

முழு அதிகாரத்தையும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கேளுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. 10-ம் வசனத்தில் எழுபது வருஷம் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். 5, 6-ம் வசனங்களில் வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் நடச் சொல்கிறார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யச் சொல்கிறார். 8-ம் வசனத்தில், சொப்பனம் கண்டதாகச் சொல்லி மோசம்போக்கும் தீர்க்கதரிசிகளை நம்பாதே என்கிறார்.

அந்த வசனம் உங்களுக்கும் ஆறுதல்தான். ஆனால் அதை நம்பினவர்கள் செய்தது தோட்டம் போட்டது. ஒட்டு மாஞ்செடியே நல்ல காய்ப்புக்கு வர நாலைந்து வருடம் ஆகும். அந்தக் காத்திருப்பு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடிதம் புரியாமல் போகாது.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்றால் சேமிப்பு, காப்பீடு எல்லாம் அவிசுவாசமா?

இல்லை. மத்தேயு 6-இல் "கவலைப்படுதல்" என்று வரும் கிரேக்கச் சொல் மெரிம்னாவோ. அதே சொல்லைப் பவுல் நல்ல பொருளிலும் எழுதுகிறார். அவயவங்கள் ஒன்றையொன்று விசாரிப்பதற்கும் (1 கொரிந்தியர் 12:25), தீமோத்தேயு பிலிப்பி சபையை விசாரிப்பதற்கும் (பிலிப்பியர் 2:20) அதே வார்த்தைதான். அக்கறை தடைசெய்யப்படவில்லை. நாளைய பாரத்தை இன்றே தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பதைத்தான் இயேசு வேண்டாம் என்கிறார்.

யாத்திராகமம் 16-இல் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வந்த மன்னா ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். மறுநாளுக்கு எடுத்துவைத்தால் புழுத்தது. ஆறாம் நாளிலோ இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னவரும் ஆண்டவரே, அது புழுக்கவில்லை. எடுத்துவைப்பது எப்போதும் பாவமாக இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை மன்னாவும் புழுத்திருக்க வேண்டும். எகிப்தில் யோசேப்பு ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான் (ஆதியாகமம் 41:34). இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மழை ஏமாற்றும் ஊரில் இருப்பவர்களுக்கு இது நேரடியான பாடம்.

கவலையையும் திட்டத்தையும் பிரிக்க ஒரு தாள் போதும். நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், நீங்கள் செய்யக்கூடிய அடுத்த காரியமும் அதற்கு ஒரு தேதியும் உள்ளவை. உதாரணமாக: "ஜூனில் பள்ளிக்கு 18,000 ரூபாய். கையில் 7,000. சங்கத்தில் பால் பணம் வாங்கும்போது மாதம் 1,500 தனியாக வைப்பது, மீதியைத் தவணையாகக் கட்ட ஏப்ரல் 10-க்குள் பள்ளியில் கேட்பது." வலப்பக்கம், உங்களால் எதுவும் செய்ய முடியாதவை: மழை, மகனின் தேர்வு முடிவு, மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட். இடப்பக்கத்தைச் செய்யுங்கள். வலப்பக்கத்தை 1 பேதுரு 5:7 சொல்வதுபோல அவர்மேல் வைத்துவிடுங்கள். தவறு நடப்பது இப்படி: வலப்பக்கத்தை ராத்திரி இரண்டு மணிவரை புரட்டிக்கொண்டிருப்போம், இடப்பக்கத்துக்கு "ஜெபித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம்.

ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்காமல் ஜெபித்தே அநாதை இல்லம் நடத்தினார் என்கிறார்களே?

உண்மை. அவர் (1805–1898) இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஐந்து பெரிய இல்லங்கள் கட்டினார், சுமார் 10,000 பிள்ளைகளைப் பராமரித்தார், நன்கொடை கேட்டு யாரிடமும் போகவில்லை. பிரசங்கங்களில் விட்டுப்போகும் பாதி இது: வந்த பணம் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி வருடாவருடம் அச்சிட்டு வெளியிட்டார், கடனில் பொருள் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தார். அவரைப் பின்பற்ற விரும்புகிறவர் முதலில் ஒரு கணக்கு நோட்டு வாங்கட்டும்.

தேவசித்தம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதில் மூன்று வகை இருக்கிறது. குழப்பம் எல்லாம் இவற்றைக் கலப்பதால் வருவது.

முதலாவது, எழுதியே கொடுக்கப்பட்டது. பரிசுத்தமாயிருங்கள் (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் (5:18), நியாயம் செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, மனத்தாழ்மையாய் நட (மீகா 6:8). இதற்காக உபவாசம் இருந்து கேட்க வேண்டியதில்லை. தம்பிக்குச் சேரவேண்டிய நிலத்தை எழுதிக் கொடுக்கலாமா என்று ஜெபிப்பது ஜெபமே அல்ல, தள்ளிப்போடுதல்.

இரண்டாவது, மறைவானது. அடுத்த வருடம் என்ன நடக்கும், இந்த வியாதி ஏன் வந்தது போன்றவை. "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்" என்று உபாகமம் 29:29 கதவை அடைத்துவிடுகிறது. வழிநடத்துதல் என்ற பெயரில் பலர் தேடுவது இந்தத் தகவலைத்தான். ஜோசியரிடம் கேட்பதை ஆண்டவரிடம் கேட்டால் மட்டும் அது விசுவாசம் ஆகிவிடாது.

மூன்றாவது, உங்கள் தீர்மானத்துக்கே விடப்பட்டது. விதவை மறுமணம் செய்ய நினைத்தால் கர்த்தருக்குட்பட்டவனாயிருக்கும் வரை தனக்கு இஷ்டமானவனை மணக்கலாம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 7:39). எந்தக் கல்லூரி, எந்த வேலை, ஓசூரா பெங்களூரா என்பவை இந்த வகை. இங்கே ஒரே ஒரு சரியான விடை ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதைத் தவறவிட்டால் வாழ்க்கை போச்சு என்று வேதம் எங்கும் பயமுறுத்தவில்லை.

சரி, அந்த மூன்றாவது வகையில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது, ஊரில் இரண்டு ஏக்கரும் வயதான அப்பா அம்மாவும் இருக்கிறார்கள்.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "என் எதிர்காலம் என்ன, ஆண்டவரே?" என்பது கேள்வி அல்ல. "ஜூலை 1-இல் ஓசூர் வேலையில் சேர்வதா, இந்த வருடம் ஊரிலேயே இருப்பதா?" என்பது கேள்வி.

அடுத்து, வேலைக்காகப் பொய்ச் சான்றிதழோ லஞ்சமோ கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம், மீதிப் படிகள் தேவைப்படாது.

பிறகு உண்மை நிலவரம். சொல்கிற சம்பளம் அல்ல, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்ததுபோகக் கையில் வருவது எவ்வளவு? வாடகை, மெஸ், பஸ் எவ்வளவு? ஒப்பந்த வேலையா நிரந்தரமா? ஞாயிறு விடுமுறை உண்டா, ஷிஃப்ட் எப்படிச் சுற்றுகிறது? அப்பாவுக்கு மருந்து வாங்கித் தர, மோட்டார் போட யார் இருப்பார்? மூன்று மாதக் கணக்கு எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 14:28).

மூன்று பேரிடம் கேளுங்கள். அதே மாதிரி வேலை பார்க்கிற ஒருவர், உங்களை நன்றாக அறிந்து முகத்துக்கு நேரே "வேண்டாம்டா" என்று சொல்லக்கூடிய ஒருவர், சபை மூப்பரோ பங்குத்தந்தையோ ஒருவர். தலையாட்டுகிறவர்களை மட்டும் தேடிப்பிடித்துக் கேட்பதுதான் இந்தப் படியில் எல்லாரும் செய்யும் தவறு.

ஜெபத்துக்கு 14 நாள், தினம் 15 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் சில நாள் "எனக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது?" என்பதை ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பணம் என்றால் பணம் என்றே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் பைக் வாங்கிவிட்டான் என்பதே காரணமானால் அதையும் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாதது அல்ல. பிறகு எது வந்தாலும் ஏற்கும் மனதையும் ஞானத்தையும் கேளுங்கள். வானத்துக் குரலை எதிர்பார்க்க வேண்டாம். முதல் நாள் பெரிதாகத் தெரிந்த காரணம் பத்தாம் நாளில் சின்னதாகத் தெரியும், கண்ணில் படாத ஒன்று முன்னால் வரும். ஞானம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

கடைசியாக, குறித்த தேதியில் முடிவெடுங்கள், வீட்டில் சொல்லுங்கள், தொடங்குங்கள். இனி ஒவ்வொரு மாலையும் அதைத் திரும்பத் திறக்காதீர்கள். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) தந்த ஒரு விதி இங்கே மிகவும் உதவும்: மனம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவான மனதோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. முதல் நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் ராஜினாமா எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், தூங்கி எழுந்து பாருங்கள்.

கிதியோன் தோல் போட்டதுபோல அடையாளம் கேட்கலாமா? சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா?

கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே சொல்லப்பட்டுவிட்டது (நியாயாதிபதிகள் 6:14). "நீர் சொன்னபடியே" என்று அவனே ஒப்புக்கொண்டுதான் (6:36), பனி அதில் மட்டும் விழட்டும் என்று ஆட்டுத்தோலைக் களத்தில் போடுகிறான். தெரியாததைத் தெரிந்துகொள்ள அல்ல, பயத்தினால் கேட்டான். ஒரு முறை நடந்தபின்னும் நம்பாமல் மறுநாள் திருப்பிக் கேட்டான். ஆண்டவர் பொறுத்துக்கொண்டார் என்பதுதான் அந்தக் கதையின் அழகு. அதை வழிமுறையாக்கத் தேவையில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டது (அப்போஸ்தலர் 1:26), பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். அதற்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இப்படித்தான். ஒரு வருடம் ஒரு வசனத்தை மனதில் வைத்திருப்பது நல்ல பழக்கம். வீடு விற்பதற்கும் வாங்குவதற்கும் அந்த அட்டையை வைத்து முடிவெடுப்பது வேறு விஷயம்.

"மனதில் சமாதானம் இருந்தால் அது தேவசித்தம்" என்கிறார்கள். சரியா?

ஆண்டவரிடமிருந்து ஓடிப்போகிற யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான் (யோனா 1:5). பிதாவின் சித்தத்துக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்த இயேசுவுக்கு கெத்செமனேயில் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது (லூக்கா 22:44). சமாதானத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் யோனா செய்தது சரி என்றாகிவிடும். கொலோசெயர் 3:15-இல் வரும் தேவசமாதானம் சபையில் ஒருவரோடொருவர் இருக்க வேண்டிய சமாதானம், வேலை தேடுவதற்கான கருவி அல்ல. மனச்சாட்சி உறுத்தினால் நின்று பாருங்கள். வெறும் பயம் என்றால் பயத்தோடே போகலாம்.

கதவு திறந்தால் போகலாமா, மூடினால் விட்டுவிடலாமா?

பவுலுக்குத் துரோவாவில் கர்த்தராலே வாசல் திறந்திருந்தது. தீத்துவைக் காணாததால் மனதுக்கு அமைதி இல்லாமல் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார் (2 கொரிந்தியர் 2:12, 13). அதைப் பாவம் என்று அவர் எழுதவில்லை. அதற்குப் பல வருடம் முன்பு ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடை வந்தபோது, அவரும் உடனிருந்தவர்களும் தரிசனத்தைப் பற்றிக் கலந்து நிச்சயித்துக்கொண்டு மக்கெதோனியாவுக்குப் போனார்கள் (அப்போஸ்தலர் 16:6–10). போன பிறகு பிலிப்பியில் அடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். திறந்த கதவு கட்டளை அல்ல, கஷ்டம் வந்தது தவறான வழி என்பதற்கு அடையாளமும் அல்ல.

ஒரு ஊழியர் "ஆண்டவர் உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னார்" என்றார். என்ன செய்வது?

1 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். சாப்பிடாமல் திரும்பிப் போ என்று ஆண்டவர் நேரே சொல்லியிருந்த தேவனுடைய மனுஷனிடம், கிழவனான ஒரு தீர்க்கதரிசி வந்து, தூதன் தன்னோடு பேசினான் என்று பொய் சொல்லிச் சாப்பிட அழைத்துப் போகிறான். அவனை நம்பிப் போனவனை வழியில் சிங்கம் கொன்றது. ஆகவே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:21).

சோதிக்கச் சில கேள்விகள் போதும். வேதத்துக்கு ஒத்து வருகிறதா? இதை வைத்து அவருக்குப் பணமோ அதிகாரமோ கிடைக்கிறதா? "யாரிடமும் சொல்லாதே", "உடனே செய்" என்கிறாரா? சபைப் பெரியவர்கள் முன்னால் இதே வார்த்தையைச் சொல்வாரா? கடைசிக் கேள்விக்குப் பின்வாங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். மகளைத் தனியாக ஜெபிக்க அனுப்பச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம்.

போர்வெல் போட இடம் காட்டும்படி ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம், நிச்சயமாக. நம் இரண்டு மாவட்டத்திலும் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கிறது. அதனால்தான் அடுத்தடுத்த வயலில் ஒருவருக்கு 400 அடியில் வரும், ஒருவருக்கு 1,000 அடியிலும் புழுதிதான் வரும். வெடிப்பு எங்கே என்று ஓரளவு காட்ட மண்ணுக்குள் மின்தடை அளக்கும் ஆய்வு இருக்கிறது. அதற்கு நிலத்தடி நீர் தெரிந்த புவியியலாளரைக் கூப்பிடுங்கள். அது நூற்றுக்கு நூறு சொல்லாது, ஆனாலும் தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்துப் பார்ப்பதைவிட மேல். எண்ணெய் ஊற்றி ஜெபித்த இடத்தில்தான் வரும் என்று அடம்பிடிப்பது அந்தக் குச்சியின் கிறிஸ்தவ வடிவம், அவ்வளவே.

ஜெபத்தில் கேட்க வேண்டியவை வேறு: உண்மையான வண்டிக்காரர் அமையவும், அடியைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றாதிருக்கவும், பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை வராதிருக்கவும், தண்ணீர் வராவிட்டால் நிறுத்தும் தைரியம் இருக்கவும் கேளுங்கள். எத்தனை அடியில், எத்தனை ரூபாயில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். 700 அடிக்கு வந்தபின் "இன்னும் 100 அடி, விசுவாசத்தில் போடு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நகை அடகுக்குப் போவது அந்த 100 அடியில்தான். தண்ணீர் வராத குழியை அன்றே இறுக மூடுங்கள், குழந்தைகள் விழுந்த செய்திகளை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பெண் பார்க்கிறோம். இவர்தான் என்று எப்படித் தெரியும்?

ஆதியாகமம் 24-இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளத்தைக் கவனியுங்கள். "உனக்கும் தண்ணீர் தருகிறேன், ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லும் பெண்." அவனிடம் இருந்தவை பத்து ஒட்டகம். தாகத்தில் ஒரு ஒட்டகம் 100 லிட்டர்வரை குடிக்கும். முன்பின் தெரியாத பயணிக்காகக் குடத்தோடு அத்தனை நடை நடப்பவளின் குணம் எப்படிப்பட்டது என்பதைத்தான் அவன் சோதித்தான். வலது பக்கம் பறந்த காகம் மாதிரியான அடையாளம் அல்ல அது. பிறகு ரெபெக்காளையே கூப்பிட்டு "இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" என்று கேட்டார்கள் (24:58).

நீங்களும் குணத்தைப் பாருங்கள். பையன் வேலை செய்யும் இடத்துக்கே போய் விசாரியுங்கள். குடி உண்டா, கடன் உண்டா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், காசு தராத ஆளிடம் எப்படிப் பேசுகிறான்? பெண்ணிடம் தனியாக, வேறு யாரும் இல்லாதபோது, இரண்டு தடவையாவது சம்மதம் கேளுங்கள். ஜாதியும் பவுன் கணக்கும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சபை ஐயரைக் (போதகரை) கூப்பிட்டு "தேவசித்தம்" என்று ஜெபிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வார்த்தைக்கு இதைவிட மோசமான வேலை கொடுக்க முடியாது.

18 வயது ஆகாத பெண்ணுக்கு நிச்சயம் பேசுகிறார்கள் என்றால் அது குழந்தைத் திருமணம், குற்றம். 1098-க்கு யாரும் அழைக்கலாம். இந்த வட்டாரத்தில் இது அபூர்வமான பிரச்சினை அல்ல.

ராகு காலம் பார்க்கலாமா?

வேண்டாம். உள்ளே ஜெபமும் வெளியே பஞ்சாங்கமும் என்று இரண்டு கயிற்றில் ஒரே நேரத்தில் தொங்க முடியாது.

கடனில் இருக்கிறோம். விதைக் காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்கிறார்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோக வந்த வீட்டில் எலிசா செய்த அற்புதத்துக்குப் பிறகு வந்த கட்டளையையும் பாருங்கள்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிழைத்துக்கொள் (2 இராஜாக்கள் 4:7). எலிசா தனக்குப் பங்கு கேட்கவில்லை.

எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு. கணவன் மனைவி இருவரும் அதைப் பார்க்க வேண்டும். பாதிக் குடும்பங்களில் ஒருவருக்குத் தெரியாத குழுக் கடன் ஒன்று இருக்கும். நூற்றுக்கு மாதம் ஐந்து, பத்து என்று ஓடும் வட்டியை முதலில் அடையுங்கள், வங்கி நகைக்கடன் அதற்குப் பின். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் போலீசுக்கோ, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கோ மனுவோடு போங்கள். அப்படிப் போவது அவிசுவாசம் அல்ல, பவுலும் இராயனிடம் (ரோமப் பேரரசனிடம்) மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25:11).

ஜெபித்துவிட்டோம், மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்டேன் என்று ஆண்டவர் சொன்ன பிறகுதான் அத்திப்பழ அடை பிளவையின்மேல் பற்றுப்போடப்பட்டது (2 இராஜாக்கள் 20:5–7). சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநல மருந்துகளைத் திடீரென்று விட்டால் சில நாளிலேயே ஆபத்து வரலாம். சுகம் கிடைத்திருந்தால் பரிசோதனை அறிக்கையிலும் அது தெரியும். அளவைக் குறைக்க வேண்டியவர் மருத்துவர்தான்.

பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால், இளவயதில் மூட்டு வலி என்று பல கிராமங்களில் "ஆண்டவர் சித்தம்" என்று தாங்கிக்கொண்டது உண்மையில் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். அதற்குத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்க அந்தக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குப் போர் தண்ணீர் என்று பிரிப்பதும் விசுவாசிக்கு உரிய கீழ்ப்படிதல்தான்.

சங்கீதம் 91 சொல்லிவிட்டு வண்டி எடுத்தால் விபத்து வராதா?

தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு இயேசுவிடம் காட்டிய வசனம் அந்தச் சங்கீதத்தில் உள்ளதுதான் (மத்தேயு 4:6). "பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது பதில். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தொப்பூர் கணவாய் இறங்கினால் என்ஜின் பிடிப்பு இருக்காது, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சங்கீதம் சொல்லுங்கள், கியரிலும் இறங்குங்கள்.

வருடக்கணக்காக ஜெபித்தும் நடக்கவில்லை. எங்களிடம் விசுவாசம் இல்லையா?

அப்படிச் சொல்லி உங்களைக் குற்றப்படுத்தியவர் யாராயிருந்தாலும் அது தவறு. பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவரை வாதித்த "மாம்சத்திலே ஒரு முள்" எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8, 9). சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறது. சங்கீதம் 88-இல் கடைசி வரி வரை விடியலே இல்லை, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. அழுது கேட்பதும் விசுவாசத்தின் மொழிதான்.

ஆபகூக் 3:17, 18-ஐச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாவிட்டாலும், வயல் தானியம் விளைவிக்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறான். அத்தி இருக்கும் இடத்தில் மாவைப் போட்டால் இது கிருஷ்ணகிரியில் எழுதியதுபோல் இருக்கும். ஒரு வருடம் பூவெல்லாம் தத்துப்பூச்சியில் கருகுகிறது, அடுத்த வருடம் கிளை ஒடியக் காய்த்து விலை கிடைப்பதில்லை. ஆபகூக் நஷ்டத்தை மறைத்துப் பேசவில்லை, ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். அதன்பின்தான் "ஆனாலும்" வருகிறது. நஷ்டப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்கள் "எல்லாம் நன்மைக்கே" என்று தொடங்காமல் முதலில் அந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும். போகும்போது ஒரு சிப்பம் அரிசியோடு போனால் இன்னும் நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைவு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே. டெலி மனாஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். சாகக் கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு (1 இராஜாக்கள் 19:5–8). பேச்சு அதன்பிறகுதான்.

தவறான முடிவு எடுத்துவிட்டேன். தேவசித்தத்தை விட்டு விலகிவிட்டேனா?

பாவம் என்றால் அறிக்கை செய்து, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். வெறும் பிசகு என்றால் பாடம் படித்துவிட்டு, நிற்கும் இடத்திலிருந்து அடுத்த சரியான காரியத்தைச் செய்யுங்கள். சகோதரர்கள் யோசேப்புக்குச் செய்தது தீமைதான், அதை யோசேப்பு தீமை என்றே சொன்னான், ஆண்டவரோ அதையும் நன்மையாக முடியப்பண்ணினார் (ஆதியாகமம் 50:20). உங்கள் பிசகு அதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை.

ஷிஃப்ட் வேலை, விடுதி வாழ்க்கை. தினம் என்ன செய்தால் போதும்?

படுக்கப் போகும் முன், அது காலை ஏழு மணியானாலும், பத்து நிமிடம். அன்று கிடைத்த மூன்றை ஸ்தோத்திரத்தோடு பேர் சொல்லி நினையுங்கள்: சூடான டீ, பஸ்ஸில் உட்கார இடம், திட்டாத சூப்பர்வைசர். எங்கே தவறினோம் என்று ஒன்று. நாளைக்கு உதவி தேவைப்படும் இடம் ஒன்று. பிறகு ஒரு சங்கீதம், தினம் ஒன்று என்றால் 150 நாளில் முடியும். போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பத்து நிமிடம் ரீல்ஸுக்குப் போய்விடும்.

ஞாயிறு ஷிஃப்ட் விழுந்தால் மாலை ஆராதனையோ சனிக்கிழமை மாலைத் திருப்பலியோ இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். அதே விடுதியில் இன்னும் ஒருவரையாவது கண்டுபிடித்து வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சேர்ந்து ஜெபியுங்கள். வேறு சபைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.